எழுப்பாதீங்க

இரவுப் பணி முடிந்து நர்ஸ் வந்தபோது, ஆஸ்பத்திரி ஊழியர் சங்கத் தேர்தலுக்கான வரிசை கேன்டீன் வாசலைத் தாண்டி நின்றது.

கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. வார்டில் ஒரு நோயாளி இறந்ததிலிருந்து அவள் உட்காரவே இல்லை.

சங்கச் செயலாளர்தான் அவளை முதலில் பார்த்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். பல வருடங்களாகப் போட்டியே இல்லாமல் ஜெயித்தவர். இரவுப் பணிப் பெண்கள் படுக்க ஓர் அறை வேண்டும் என்று கேட்டு, இந்த முறை அவரை எதிர்த்தும் ஒருவர் நின்றார்.

"பொம்பளப் புள்ள எதுக்கும்மா இந்த நெரிசல்ல? கூட்டம் குறையட்டும், வந்து உக்காரு."

நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். டீ வரவழைத்தார்.

டீ ஆறுவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.

யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

"எழுப்பாதீங்கப்பா, பாவம்" என்றார் அண்ணன்.

அதன்பின் கேன்டீனே குசுகுசுத்தது. நாலு தெருவுக்குக் கேட்கும் குரல்காரரான ஆம்புலன்ஸ் டிரைவர்கூடச் சாடை காட்டியே ஓட்டுப் போட்டார்.

அவளோடு பணி முடித்த நர்ஸுகளும் ஆயாக்களும் வந்தார்கள். அண்ணன் வாசலுக்கே போய் மெல்லச் சொன்னார்.

"ராத்திரி பூரா நின்னிருக்கீங்க. இது ஆம்பளைங்க அடிச்சிக்கிற விஷயம், நாங்க பாத்துக்கிறோம். போய்த் தூங்குங்கம்மா."

இவ்வளவு அக்கறையாகச் சொல்ல அவர்கள் வீட்டிலேயே ஆள் கிடையாது.

ஒருத்தி மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துத் தயங்கினாள். பிறகு அவளும் போய்விட்டாள்.

கைதட்டல் கேட்டுத்தான் நர்ஸ் விழித்தாள்.

வாக்குப்பதிவு முடிந்து, எண்ணியும் முடித்திருந்தார்கள். அண்ணனைத் தோளில் தூக்கியிருந்தார்கள். அவள் மேல் யாரோ வார்டுப் போர்வையைப் போர்த்தியிருந்தார்கள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்தல் அதிகாரி அவளிடம் குனிந்தார்.

"இவ்வளவு அமைதியா ஒரு தேர்தல் இங்க நடந்ததே இல்லையாம். எல்லாருக்கும் பரம திருப்தி. உங்களத்தான் இன்னும் கேக்கல. குறை ஏதாவது உண்டா?"

அவள் வாயைத் திறந்தாள். எல்லா முகங்களும் அவளைப் பாசத்தோடு பார்த்தன. எழுப்பியிருக்கலாமே என்பதை ஒரு குறையாக எப்படிச் சொல்வது?

"இல்ல சார்."

அதிகாரி நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"எதிர்த்து நின்ற வேட்பாளருக்கும் திருப்திதான்."