நடுப்படி

அன்பரசு முதுநகர்த் துறைமுகத்தில் கடலுக்கடியில் மூழ்கி வேலை பார்த்தவன். மேலே வரும்போது பாதி வழியில் கயிற்றைப் பிடித்து நின்று, உடம்பு பழகிய பிறகே ஏற வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டு மாடிப்படியிலும் பாதியில் நிற்பான். போன ஆடியில் ஒருநாள் கடலுக்கடியிலிருந்து நிற்காமல் ஏறிவிட்டான். ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தான்.

நேற்று மாலை மாடிப்படியில் ஈரக் காலடிகள் இருந்தன. நடுப்படியோடு நின்றுவிட்டன. அங்கே மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது.

"தொடச்சிடவா அண்ணி?" என்றாள் அவன் தங்கை அறிவுமதி.

"வேணாம்," என்றாள் அவன் மனைவி கனிமொழி. பிறகு படியைப் பார்த்து, "அவசரம் இல்லங்க. மெதுவாவே வாங்க," என்றாள்.

காலையில் நடுப்படி காய்ந்திருந்தது. மேலே மாடிக் கதவுக்கு உள்ளே கால்மிதி நனைந்திருந்தது.