வீட்டுப் பாத்தி

வீட்டுப் பாத்தியில் ஒரு காய்கூடக் குறையவில்லை.

அவள் குனிந்து இலைகளை விலக்கிப் பார்த்தாள். கோணலும் மாணலுமாக, அங்கங்கே புழு துளைத்த கத்தரிக்காய்கள் அப்படியே தொங்கின.

நிமிர்ந்தாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சந்தைப் பாத்தியில் காயே இல்லை.

நேற்று மாலை மருந்து அடித்த பாத்தி.

"பள்ளிக்கூடத்துக்கு எங்க பறிச்சீங்க?"

கயிற்றுக் கட்டிலில் கிடந்த கணவன் கண்ணைத் திறக்கவில்லை. "வெளிய போறதுக்கு எங்க பறிப்பாக? அங்கதான். விடியமுன்ன கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டேன்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வீட்டுக்கு, மருந்து படாது. அந்தப் பக்கம் வெளியே போவதற்கு. இன்று அடித்து நாளை பறித்தால் காய் பளபளவென்று இருக்கும், விலையும் நிற்கும். ஊரில் எல்லாத் தோட்டத்திலும் இதே கதைதான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அக்கா மகள் சடங்குக்குப் போய் ராத்தங்கியது தப்பாகப் போயிற்று.

செல்வநாயகி டீச்சருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சமையல் நேரத்தில் சத்துணவு டீச்சர் எங்கே போனை எடுப்பார்?

கட்டியிருந்த பட்டுச்சேலையோடு ஓடினாள்.

உள்ளூர்க் காயை வாங்குங்கள் என்று டீச்சரை நச்சரித்தவளே அவள்தான். சந்தையில் வாடிப்போனதை வாங்கிப் பிள்ளைகளுக்குப் போடுவானேன்? "எங்க வீட்டுக்கு ஆக்குற காயத்தான் தருவேன். புழு இருக்கும், வெசம் இருக்காது" என்று தலைமையாசிரியை முன்னால் அடித்துச் சொல்லியிருந்தாள். டீச்சரும் அவளுக்காக எல்லோரிடமும் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியிருந்தார்.

இன்றுதான் முதல் நாள். இது சரியாக நடந்தால் வருஷம் முழுக்க அவள் காய்தான்.

பள்ளிக்கூட வாசலிலேயே சாம்பார் வாசனை வந்தது.

நல்ல வாசனை. வெந்த பிறகு மருந்து எங்கே தெரியும்?

வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் தட்டு. ஐந்தாம் வகுப்பு வரிசையின் ஓரத்தில் அவள் மகள் கனிஷ்கா. பட்டுச்சேலையில் அம்மாவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

சமையல்காரம்மா அண்டாவைக் கிளறியபடியே கத்தினாள். "ஒரு சொத்தை இல்லக்கா! நறுக்க நறுக்க ஆசையா இருந்துச்சு!"

சமையலறைக் கதவருகே டீச்சர் தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு முன்னால் டீச்சர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் பந்தி.

சாம்பாரை ஊற்றிக்கொண்டார்.

அவள் டீச்சரிடம் போகவில்லை. மகளிடம் போனாள்.

"எந்திரிடி."

"ஏம்மா?"

"எந்திரின்னா எந்திரி."

கையைப் பிடித்துத் தூக்கினாள். மாமா வந்திருக்கிறார், வயிற்றுவலி, எதையாவது சொல்லிக்கொள்ளலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு நாள் சாப்பாட்டில் ஒன்றும் ஆகிவிடாது. நாளையிலிருந்து அவளே பறிப்பாள்.

கனிஷ்கா எழுந்ததும் அந்த இடத்துக்குப் பக்கத்து வரிசைப் பிள்ளை நகர்ந்து வந்தது. முன்பல் விழுந்த சின்னப் பெண், யார் வீட்டுப் பிள்ளையோ. தட்டைப் பாவாடையில் துடைத்து முன்னால் வைத்துக்கொண்டு அண்டாவையே பார்த்தது. நல்ல பசி போல.

அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

டீச்சர் சோற்றைப் பிசைந்து எடுத்தார்.

"டீச்சர், சாப்பிடாதீங்க!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டீச்சரின் கை வாயருகே நின்றது.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். பாத்தி மாறியதை, நேற்று மாலை அடித்த மருந்தை. சமையல்காரம்மா கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு விலகி நின்றாள்.

டீச்சர் தட்டைக் கீழே வைத்தார். குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். "சாம்பார எறக்கி ஓரமா வையி. இன்னிக்கு முட்டையும் ரசமும் போதும்" என்றார்.

அவள் திட்டுக்காகக் காத்திருந்தாள். இனி உன் காயே வேண்டாம் என்று சொல்லட்டும். நாலு பேர் முன்னால் வைத்துக் கிழிக்கட்டும். வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

டீச்சர் திட்டவில்லை. இறக்கி வைத்த அண்டாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சந்தைக்கும் இப்படித்தானாக்கா? அடிச்ச மறுநாளே பறிச்சு?"

"எல்லாரும் அப்படித்தான் டீச்சர்..."

டீச்சர் ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"போன வாரம் வரைக்கும் ஒங்க மூட்டை எறங்குற கடையிலதான் இதுகளுக்குக் காய் வாங்குனேன்."



மகளின் கை இன்னும் அவள் பிடிக்குள் இருந்தது.

கனிஷ்கா ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேதான் சாப்பிடுகிறாள்.

"விடும்மா, பசிக்குது."

கையை உருவிக்கொண்டு கனிஷ்கா வரிசைக்கே போனாள். சின்னப் பெண்ணை இடித்துத் தள்ளி, தன் இடத்தில் உட்கார்ந்து, தட்டை முன்னால் வைத்துக்கொண்டாள்.