நினைவுக்குப் பத்துப் பை

மீன் படம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், பூவும் கிளியும் குடையுமாக அச்சடித்த கவுன்களைத் தையல்கடை மேசையில் வைத்தார்.

"என் வீட்டுக்காரியோட துணிங்கம்மா. இதுல பத்துக் கைப்பை தைச்சுக் கொடுங்க. அவ நினைவா சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கணும். மாசக் கடைசியில வந்து வாங்கிக்கறேன்."

தையல்காரம்மா துணிகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இந்தக் காலத்தில் பெண்டாட்டியை இப்படி யார் நினைக்கிறார்கள்! கவுன்களில் சோப்பு வாசம்கூடப் போகவில்லை. ஒன்றின் மடிப்பில் ஈரம் முழுசாகக் காயவில்லை. 'பாவி, துவைச்சதை உடுத்தக்கூடக் கொடுத்துவைக்கலையே' என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே தைத்தாள்.

கடைசிப் பைக்குக் கைப்பிடி வைக்கும்போது ஒருத்தி கடைக்குள் வந்தாள்.

"அவசரமா ரெண்டு கவுன் தைக்கணும்க்கா. கொடியில காயப்போட்டா ஒவ்வொண்ணா மாயமாப் போகுது. என்ன கண்றாவியோ..."

பேச்சு பாதியில் நின்றது. மேசையில் இருந்த பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மஞ்சள் பூ, நீலக் கிளி, சிவப்புக் குடை.

"இது யாரு கொடுத்த துணிக்கா?"

தையல்காரம்மா நடந்ததைச் சொன்னாள்.

வந்தவள் அழவில்லை, கத்தவுமில்லை. "மாசக் கடைசின்னா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் கடை திறந்ததுமே ஒரு மூட்டையோடு வந்து நின்றாள். பிரித்தால், எல்லாம் ஆம்பளைச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த மீன் சட்டை.

"இதுலயும் பத்துப் பை தைச்சுடுங்கக்கா" என்றாள், சிரித்த முகமாக. "எனக்கு இந்த வாரமே வேணும்."