முதலில் எழுதியவர்

“அவங்க காப்பி அடிக்கலைங்க மேடம். அவங்க எழுதினதப் பாத்துதான் காப்பி அடிச்சிருக்கு.”

நாற்காலியில் உட்காருவதற்குள் பெரியவர் இதைச் சொல்லிவிட்டார். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்தெருவில் மாடியில் இருந்தது வக்கீல் ரூக்ஸாரின் அறை. படியேறி வந்ததில் பெரியவருக்கு மூச்சு வாங்கியது.

“முதல்ல தண்ணி குடிங்க சார். யாரு எழுதினத யாரு காப்பி அடிச்சாங்க?”

பெரியவர் துணிப்பையிலிருந்து ஒரு கடிதத்தின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். சென்னைப் பதிப்பகம் ஒன்று உண்ணாமுலை என்பவருக்கு எழுதியிருந்தது. ‘நீங்கள் அனுப்பிய ஒன்பது சிறுவர் கதைகளில் ஆறு, பதினோரு வருடங்களுக்கு முன் நாங்கள் வெளியிட்ட நூலில் உள்ளவை. இது பதிப்புரிமையை மீறிய செயல். மறுபடியும் செய்தால் வழக்குத் தொடர்வோம்.’

கூடவே அந்த நூலையும் மேசைமேல் வைத்தார். ‘குடை கேட்ட நத்தை’. எழுதியவர் சோமசேகரன் என்று அட்டையில் போட்டிருந்தது.

“உண்ணாமுலை யாரு?”

“அங்கன்வாடி டீச்சர். இருபத்தஞ்சு வருஷமா சின்னப் பசங்களுக்குக் கதை சொல்றவங்க. அவங்களே கட்டின கதைங்க.”

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

“பக்கத்து ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தேங்க. ஒரே காம்பவுண்டு.”

ரூக்ஸார் புத்தகத்தைப் புரட்டினாள். “எழுதி முடிச்ச நிமிஷமே காப்பிரைட் எழுதினவங்களுக்கு வந்துடும் சார். பதிவு பண்ணியே ஆகணும்னு இல்ல. ஆனா இவங்கதான் முதல்ல எழுதினாங்கன்னு காட்டணுமே. ஆதாரம் ஏதாவது இருக்குதா?”

பெரியவர் பையைக் கவிழ்த்தார். நான்கு பழைய நாற்பது பக்க நோட்டுகள். குண்டு குண்டான கையெழுத்து. ஒவ்வொரு கதைக்கும் கீழே தேதி. எல்லாம் புத்தகம் வருவதற்கு இரண்டு வருடம் முந்தியவை. ரூக்ஸார் ஒரு கதையை இரண்டிலும் வைத்துப் படித்தாள். நத்தை தவளையிடம் பேசும் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

“இது போதும் சார். இவ்வளவு நல்ல ஆதாரம் யாரும் கொண்டாந்ததில்ல. எங்க இருந்துச்சு?”

“பரண்ல.”

“அந்தாளு கைக்கு எப்படிப் போச்சு?”

“எழுத்துப் பிழை பாத்துக் குடுங்கன்னு அவங்கதான் நம்பிக் குடுத்தாங்க. மழையில நனைஞ்சு வீணாப் போச்சுன்னு அந்தாளு சொல்லிட்டான். அதையும் நம்பினாங்க. இப்ப ஞாபகத்துல இருந்து மறுபடியும் எழுதி அனுப்பியிருக்காங்க. இப்படி ஒரு புத்தகம் வந்ததே அவங்களுக்குத் தெரியாது.”

“மனசாட்சியே இல்லாத ஆளா இருக்கானே!”

“ஒரு ஆயா மாதிரி பொம்பள பேர்ல வந்தா யாரு வாங்குவான்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டிருப்பான்.” பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேத்து அங்கன்வாடி பக்கம் போனேங்க. பசங்க கதை சொல்லு கதை சொல்லுன்னு கேக்குதுங்க. ‘கதை வேணாம் கண்ணு, சொன்னா கேஸ் போடுவாங்களாம்’னு சொல்லிட்டு, கண்ணத் தொடச்சிக்கிட்டு சுண்டல் எடுத்து வெக்கறாங்க. என்னால அங்க நிக்க முடியல.”

ரூக்ஸார் நோட்டுகளை மூடி ஒன்றாக அடுக்கினாள். பிறகு போனை எடுத்தாள். “நம்பர் சொல்லுங்க. அவங்க சம்மதம் இல்லாம நான் எதுவும் பண்ண முடியாது.”

மணி அடித்ததும் எடுத்துவிட்டார்கள். தான் ஒரு வக்கீல் என்று ரூக்ஸார் சொன்னதுமே எதிர்ப்பக்கம் உண்ணாமுலை பதறினார்.

“தெரியாம பண்ணிட்டேன் மேடம். இனிமே அந்தக் கதைங்கள யாருக்கும் சொல்லலீங்க.”

“அம்மா, பயப்படாதீங்க. அது உங்க கதை. யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க. உங்க நோட்டு நாலும் என் டேபிள்மேல இருக்குது.”

“நோட்டா? அது மழையில போயிடுச்சுன்னு சொன்னாங்களே...”

“போகலம்மா. பத்திரமா இருக்குது.”

அதற்கப்புறம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. பெரியவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வெளியே ஷேர் ஆட்டோக்காரன் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வர்றாங்க” என்று போனை வைத்தாள் ரூக்ஸார். “ஆனா ஒண்ணு சார். புத்தகம் மூணு தடவ அச்சாயிருக்குது. அதனால பேர் வாங்கின மனுஷன் சும்மா விடமாட்டாரு. நானேதான் எழுதினேன்னு கோர்ட்ல சாதிப்பாரு.”

“மாட்டாருங்க.”

“எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க? பதிப்பகம் அவர்கிட்டயும் கேட்டிருக்குமே?”

“கேட்டாங்க. இந்தம்மா மேல கேஸ் போடலாமான்னு போன் பண்ணிக் கேட்டாங்க, அந்தக் கடிதத்தோட ஜெராக்ஸும் அனுப்பினாங்க. அன்னியிலருந்து அந்தாளுக்குத் தூக்கமே இல்ல.”

ரூக்ஸார் பேனாவைத் திறந்தாள். “சரி, உண்ணாமுலை அம்மா கையெழுத்துப் போட்டதும் நோட்டீஸ் தபால்ல போயிடும். சோமசேகரனோட விலாசம் தெரிஞ்சா சொல்லுங்க.”

“தபால் எதுக்குங்க மேடம்? நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க கையாலயே குடுக்கச் சொல்லுங்க, வந்து வாங்கிக்கறேன்” என்றார் சோமசேகரன்.