ஆபத்தான பேச்சு

"வடிவு, பையில மாத்திரை வச்சியா? இன்னைக்கு என்னைப் பிடிச்சிட்டுப் போனாலும் போவாங்க."

"கூட்டத்துக்குப் போறியளா, செயிலுக்குப் போறியளா?" என்று சிரித்தாள் சுடலைவடிவு.

கோமதிசங்கர் சிரிக்கவில்லை. அந்நிய ஆட்சியை எதிர்த்து அரபு நாட்டு உழவர்கள் தங்கள் பேச்சுமொழியில் கட்டிய பாட்டுகளை, ஒவ்வொரு வரியின் பொருளையும் மனைவியிடம் விளக்கியபடி, மூன்றாண்டு முயன்று தமிழாக்கியிருந்தார். கொச்சையைச் செந்தமிழாக உயர்த்தியதில் தனிப் பெருமை வேறு. அவற்றைப் பாடியவர்கள் சிறை சென்றார்கள். தாமும் ஒருநாளாவது உள்ளே இருந்தால்தான் உழைப்புப் பலித்ததாகும் என்று நம்பினார்.

சேரன்மகாதேவி நூலக அரங்கில், கார் நடவுக்குக் கால்வாயில் தண்ணீர் வராத கவலையோடு நாற்பது விவசாயிகள் அமர்ந்திருந்தனர். கடைசி வரிசையில், குறிப்பேட்டோடு உளவுக் காவலர் ஐயம்பெருமாள். அவரைக் கண்டதும் கோமதிசங்கருக்கு உள்ளம் பூரித்தது.

"புனல் கவர் புல்லியோய்! நின் புரிசை பொடிபடுக!" என்று முழங்கினார்.

"அண்ணாச்சி என்ன சொல்லுதாரு வே?"

"ஏதோ மருந்துப் பேரு மாதிரி இருக்கு. பேசாம இரும்."

ஒன்றரை மணி நேரம் முழங்கினார். நன்றியுரைக்கு வரவேண்டியவர் வராததால், உடன் வந்திருந்த மனைவியை மேடையேற்றிவிட்டு, வெந்நீர் குடிக்கப் பின்னறைக்குப் போனார். சற்று நேரத்தில் அரங்கிலிருந்து கைதட்டலும் சீழ்க்கையும் கூரையைப் பிளந்தன.

'கவிதை பையத்தான் உறைக்கும்' என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

துண்டைச் சரிசெய்து வெளியே வந்தபோது நாற்காலிகள் எல்லாம் காலி. காவலர் மட்டும் அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

கோமதிசங்கர் நெஞ்சை நிமிர்த்தி, இரு கைகளையும் நீட்டினார். "வாருங்கள், ஆயத்தமாக இருக்கிறேன்."

"கைய இறக்கும் அண்ணாச்சி. உங்க பேச்சுக்கு 'ஆபத்தில்லை'ன்னு அப்பவே எழுதியாச்சு," என்றார் ஐயம்பெருமாள். "உங்களுக்குப் பொறவு வந்த அம்மா, அதே பாட்டை 'ஏலே, எங்க தண்ணிய மறிக்கதுக்கு நீ யாருலே'ன்னு ரெண்டே நிமிசம் சொன்னாவ. சனம் முச்சூடும் அவங்க பின்னால தாலுகா ஆபீசுக்குக் கிளம்பிட்டு. அவங்க பேரையும் விலாசத்தையும் சொல்லும்!"