வெஸ்கர் ராஜா கெடுத்த வரன்

ஒரு ராஜா கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது சரியா, தப்பா? இந்தத் தகராறில்தான் மடவார் வளாகம் வீரணன் மகளுக்கு வந்த வரன் திரும்பிப் போனது.

நிஜ ராஜாகூட இல்லை. ‘நீலக்கோட்டை’ என்று செல்போனில் வருகிற தொடர். டிராகன், சூனியக்காரி, பேசுகிற ஓநாய் எல்லாம் உண்டு. தமிழ் டப்பிங்கில் ஐந்து சீசன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குக் காவல் பார்க்கும் வீரணன் அதை மூன்று தடவை முழுசாகப் பார்த்தவர். அதில் வரும் வெஸ்கர் ராஜா என்றால் அவருக்கு உயிர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பாண்டிதுரை, தளவாய்புரம், போலீஸ்காரன். கூடவே அவன் அம்மா வெள்ளத்தாயும் ஒரு சித்தப்பாவும்.

பையனின் பணிவு வீரணனுக்குப் பிடித்துவிட்டது. மகள் மாரிக்கனியும் அவனும் தனியாகப் பேச மொட்டைமாடிக்குப் போனபோது, “இதான் முடியும் பாரு” என்று மனைவி ஆவுடையம்மாளிடம் கிசுகிசுத்தார்.

பத்து நிமிடத்தில் இறங்கி வந்தான். காபியை எடுத்தான்.

“மாமா, நீங்க நீலக்கோட்டை பாப்பீகளாம்ல?”

வீரணன் முகம் மலர்ந்தது. “நீங்களும் பாப்பீகளா மாப்ள?”

“அதுல அந்த வெஸ்கர் இருக்கானே, அவன மாதிரி ஒரு கோழைப்பய உண்டா மாமா?”

காராச்சேவை வாய்க்குக் கொண்டுபோன வீரணனின் கை பாதியில் நின்றது.

“யாரச் சொல்லுதீக?”

“வெஸ்கரத்தான். எதிரி வாசல்ல நிக்கான், இவன் கதவத் தொறந்து விடுதான்! நாலு சீசனா வீரன் வீரன்னு ஏத்திவிட்டு அஞ்சாவதுல அந்த கேரக்டரையே கெடுத்துட்டாங்க.”

“கெடுக்கல தம்பி.” மாப்பிள்ளை அதற்குள் தம்பியாகிவிட்டான். “உள்ள பன்னெண்டாயிரம் சனம் பட்டினி கெடக்கு. சண்ட போட்டா அம்புட்டு பேரும் சாகணும். கதவத் தொறந்தா ராஜா ஒருத்தன் பேரு மட்டும் நாறும். நாறுனா நாறட்டும்னு தொறந்தான். கதையோட கருவே அதுதான!”

“என்ன கரு? பட்டாளத்துல நீங்க காவல் நின்ன கேட்டையும் இப்படித்தான் தொறந்து விட்டீகளோ?”

வீரணன் எழுந்துவிட்டார்.

வெள்ளத்தாய் சித்தப்பாவின் காதைக் கடித்தாள். “யாரு அந்த வெஸ்கரு? பொண்ணுக்குத் தாய்மாமனோ?”

“தெரியலயே மதினி. ஆனா பன்னெண்டாயிரம் பேருக்குச் சோறு இல்லன்னா தொறக்கத்தான செய்யணும்?”

“சித்தப்பா, நீங்க சும்மா இருங்க!” என்று பாண்டிதுரை அதட்டினான். “சூனியக்காரி அன்னைக்கே சொன்னாள்ல? கதவு தொறந்தா கோட்டை விழும்னு?”

“கோட்டை விழும்னுதான சொன்னா? சனம் விழும்னு சொன்னாளா?” என்று வீரணன் பாய்ந்தார்.

“ஏங்க, ஒரு நாடகத்துக்குப் போயி…” என்று ஆவுடையம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

“எதுட்டி நாடகம்? வெஸ்கர் நாடகமா?”

அதற்கு மேல் யார் சொன்னதும் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் பாண்டிதுரை தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

“வெஸ்கர நல்லவன்னு சொல்ற வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன். கெளம்புங்கம்மா!”

“வெஸ்கரக் கோழைன்னு சொன்னவனுக்கு எம் மகளா? போயா!”

வெள்ளத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். “மகாலட்சுமி மாதிரி பொண்ணு. ஓநாய் பேசுற கதைக்காக வேண்டாங்கியே! ஊரே ஒன்னக் கிறுக்குப் பயன்னு சொல்லப் போகுது.”

“சொல்லட்டும்மா” என்று காரில் ஏறினான்.

ஊர் சொல்லத்தான் செய்தது. சாயங்காலத்துக்குள் அந்தத் தெரு, அடுத்த தெரு, பால்கோவாக் கடை வரைக்கும் பேச்சு அதுதான். “மாப்பிள்ளைக்கு மூளை கலங்கிருச்சாம். மாரிக்கனி தப்பிச்சா” என்றார்கள்.

வீரணனுக்குக் கொதிப்பு அடங்கவில்லை. “சரியாப் பாத்தவன் மாதிரியே இல்லட்டி. சண்டைக்கு நடுவுல வெஸ்கரோட தம்பியப் போயி மகன்னு சொல்லுதான்! இவன் மேலதிகாரி எனக்குப் பழக்கம்தான். இந்த மாதிரி கிறுக்கனையெல்லாம் எப்படி வேலையில வச்சிருக்கீகன்னு கேக்கேன்” என்று போனை எடுத்தார்.

மாரிக்கனி சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம்ப்பா. நாந்தான் மாடியில அவருகிட்ட கெஞ்சினேன். எனக்கு மேல படிக்கணும், அப்பாட்ட மூணு தடவ சொல்லியும் கேக்கல, நீங்களாவது பொண்ணு பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போயிருங்கன்னு.”

வீரணன் போனைக் கீழே வைத்தார். ஆனாலும் கேட்டது இதைத்தான்: “அப்படியே சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? வெஸ்கர எதுக்கு இழுத்தான்?”

“பிடிக்கலன்னு சொன்னா ஊரு பொண்ணத்தான கொற சொல்லும்னாரு. பழி அவரு மேல விழுற மாதிரி ஏதாவது சண்ட இழுக்கணும், ஒங்கப்பாவுக்கு எதச் சொன்னா கோவம் வரும்னு கேட்டாரு. நான் பத்து நிமிஷத்துல கதையச் சொன்னேன். அதுல ஒரு எபிசோடுகூட அவரு பாத்ததில்லப்பா. படி எறங்கும்போதுகூட, ‘அந்த ராஜா செஞ்சது சரிதானங்க, அவரப் போயி எப்படித் திட்ட’ன்னு வருத்தப்பட்டுக்கிட்டேதான் வந்தாரு.”