வாய் திறக்காதவள்

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. அவரு மூளை வேலை செய்யுதா, இல்லையா?"

அற்புதமேரி கெஞ்சினாள். டெக்னீஷியன் முனிலட்சுமி நிமிரவே இல்லை. அற்புதமேரியின் கணவர் ஆரோக்கியநாதனின் தலையில் பசை தடவி வயர்களை ஒட்டினாள். கம்ப்யூட்டரில் ஓடிய கோடுகளையே பார்த்தாள். சட்டென்று திரையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மூணாம் நாள் டாக்டர் சொல்லுவாருங்க்கா."

காலை ஷிப்டுக்கு கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தவர், அப்படியே விழுந்திருந்தார். நின்றுபோன இதயத்தை எப்படியோ ஓட வைத்துவிட்டார்கள். கண்தான் திறக்கவில்லை. இனி எழுந்திருப்பாரா என்பதை அந்தக் கோடுகளை வைத்துத்தான் சொல்ல முடியுமாம்.

வெளியே கொழுந்தன் கிங்ஸ்டன் காத்திருந்தான்.

"என்ன அண்ணி சொன்னாங்க? இல்லைன்னா இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க. மூச்சு இருக்கும்போதே அண்ணனை ஊருக்குக் கொண்டு போயிடலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வச்சிருக்கேன்."



மறுநாளும் அதே வயர்கள். அதே இறுகிய முகம்.

"மாதா மேல சத்தியமா யாருகிட்டயும் சொல்லமாட்டேன். சொல்லும்மா."

"எனக்குத் தெரியாதுங்க்கா."

"தெரியாமலா இத்தனை நேரம் பார்க்கற? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

முனிலட்சுமி மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அற்புதமேரிக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஐ.சி.யூ. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டார்.

"காதுகிட்ட கை தட்டினா கோடு மாறுதும்மா. நல்ல அறிகுறி. எழுந்து உட்கார வாய்ப்பு இருக்கு."

அழுதுகொண்டே வெளியே வந்தவள், வராந்தாவில் முனிலட்சுமியைப் பார்த்ததும் வெடித்தாள்.

"இதை மொத நாளே சொன்னா உன் வாய் தேஞ்சா போயிடும்? மூணு நாளா செத்துச் செத்துப் பொழைச்சேனே!"

"மொத நாள் கோடு அசையவே இல்லைங்க்கா. மயக்க மருந்தாலயும் அப்படி இருக்கும். ஆனா சொல்லியிருந்தா, அன்னைக்கே ஊருக்குக் கொண்டு போயிருப்பீங்க."



முனிலட்சுமி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"போன வருஷம் எங்கண்ணனை அப்படித்தான் எங்க ஊரு அஞ்செட்டிக்குக் கொண்டு போனாங்க. வழியிலயே உயிர் போயிடுச்சு. மொத நாள் கோட்டைப் பார்த்துட்டு, இனி பொழைக்கமாட்டார்னு அண்ணிகிட்ட சொன்னது நான்தான்."